கோட்டுப் பைக்குள் ஒரு கை

மேல்சோலை என்ற மலையூரில், மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை, பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியில் பஸ்களை அறிவிக்கிற கமலவேணி புண்ணியக் கடையில் ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு வாங்கினாள். அதன் வலது பைக்குள் ஒரு கை இருந்தது.

புண்ணியக் கடை என்பது ஊர் வைத்த பெயர். பலகையில் வேறு ஏதோ நீளமாக எழுதியிருக்கும், அதை யாரும் முழுதாகப் படித்ததில்லை. மாதா கோவிலுக்குப் பின்னால், முன்பு பாட்டுக்குழு பாடிப் பழகிய கூடத்தில், எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள் உடுத்தி முடித்துக் கொடுத்த துணிகள் பொதி பொதியாக வந்து இறங்கும். அவற்றை விற்று வருகிற காசில் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குக் காலையில் கஞ்சி போகும். கூடத்தை நடத்தியவர் மார்த்தா டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் அதட்டலிலிருந்து ஓய்வு பெறாதவர், நான்கு பிள்ளை பெற்றவர், துணியைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மடிக்க வைப்பவர்.

பொதி அவிழ்க்கிற வியாழக்கிழமை மதியத்துக்காகத்தான் கமலவேணி மற்ற நாட்களைக் கழித்தாள் என்று சொல்லலாம். மூன்று மணி மேட்டுப்பாளையம் பஸ்ஸை அனுப்பிய கையோடு செருப்பு தேயத் தேய ஓடி வருவாள். குவியலைக் கண்ணால் பார்க்க மாட்டாள், கையை விடுவாள். கம்பளியா நைலானா என்று இரண்டு விரலுக்கு இடையில் உரசிப் பார்ப்பாள், அக்குள் தையலை இழுத்துப் பார்ப்பாள், கழுத்துப்பட்டையை முகர்ந்து பார்ப்பாள். மேசை துடைக்கும் துணிகளுக்கு நடுவிலிருந்து அசல் பட்டு மப்ளரை உருவி எடுத்ததும், ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது என்று சொல்லியே காஷ்மீர் சால்வையை இரண்டு டீ விலைக்கு அடித்ததும் அவளே. அப்படி ஒன்று கிடைத்த நாளில் அவள் குரலில் ஒரு துள்ளல் வந்துவிடும். ஊட்டி பஸ் நடைமேடை மாறி நிற்கிறது என்பதைக்கூட நல்ல சேதி போலச் சொல்வாள்.

ஊரில் எல்லாருக்கும் அவள் குரலைத் தெரியும், அவளைத் தெரியாது. தாயும் தகப்பனும் போன பிறகு தண்ணீர்த்தொட்டித் தெருவில் ஒரு முற்றமும் இரண்டு அறையும் கொண்ட வீட்டில் தனியாக இருந்தாள். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று யாராவது கேட்டால், அந்த பஸ் வரவில்லை என்பாள், கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

கோட்டை வாங்கிய அன்று வீட்டுக்கு நடக்கும்போது குளிர் விரலைக் கடித்ததால் வலது கையைப் பைக்குள் விட்டாள். உள்ளே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. வெதுவெதுப்பாக, கொஞ்சம் சொரசொரப்பாக, அகன்ற உள்ளங்கையோடு இருந்தது. பஸ்ஸில் வேறொருவர் துண்டு போட்டு வைத்த இடத்தில் உட்கார்ந்துவிட்டவளைப் போல, மன்னிக்கணும் என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள். சிறிது தூரம் போய் மறுபடி விட்டாள். கை அங்கேயே இருந்தது, இந்த முறை அவள் விரல்களை மெல்லப் பிடித்துக்கொண்டது. மணிக்கட்டு வரை தடவிப் பார்க்க முடிந்தது, அதற்கு மேல் பையின் தையல்தான். பையை வெளியே இழுத்துப் பார்த்தால் வெறும் உள்துணி, ஓரத்தில் ஒரு நூல் பிசிறு.

மறுநாள் கோட்டைத் திருப்பித் தரப் போனாள். மார்த்தா டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பைக்குள் கையை விட்டார், குலுக்கினார், எடுத்தார்.

"கை நல்லாத்தானே இருக்கு. கிழிசல் இருந்தா சொல்லு, மாத்தித் தர்றேன். மத்தபடி வித்த துணியத் திரும்ப எடுக்கறதில்ல."

கமலவேணிக்கும் உள்ளூர மனசில்லை. அந்தக் கம்பளிக்கு அந்த விலை இனி எந்த ஜென்மத்திலும் கிடைக்காது. கோட்டைப் போட்டுக்கொண்டே திரும்பி வந்தாள். வழியில் ஆட்டோ ஸ்டாண்டில் முபாரக் என்னக்கா சமாச்சாரம் என்று கேட்க, அவள் சொல்ல, அவன் யோசித்துவிட்டு, செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்கினால் செகண்ட் ஹேண்ட் இருக்கத்தானே செய்யும் என்றான். அவனும் கையை விட்டுப் பார்த்து, சலாம் சொல்லிவிட்டு, சவாரிக்குப் போய்விட்டான்.

ஊருக்கு அது தெரிந்தது அப்படித்தான். முதல் வாரம் ஆட்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பயணம் போகிறவர்களைப் போல வந்து, அவளுடைய அறைக்கு வெளியே நின்று, கொஞ்சம் கையைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார்கள். அடுத்த வாரம் கேட்பதை விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். மலைப்பாதையில் முதல் வண்டி எடுக்கிற டிரைவர்கள் ஸ்டியரிங்கைத் தொடும் முன் அதைத் தொட்டார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் தொட்டார்கள். பல் பிடுங்கப் போகிறவர்கள் கோட்டையே இரவல் வாங்கிப் போய், டாக்டர் நாற்காலியில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தேர்தலில் நின்ற ஒருவர் போட்டோக்காரரோடு வந்து கை குலுக்கப் பார்த்தபோது மட்டும் கை உள்ளே போய்விட்டது. அவர் தோற்றது அதனால் இல்லை என்று அவருடைய ஆட்கள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீக்கடை போஜனின் வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தால், சாப்டாச்சா என்று கேட்ட பிறகு, கை எப்படி இருக்கு என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

கை ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இதே மாதிரி இன்னொரு கோட்டு இன்னொரு ஊரில் இன்னொரு புண்ணியக் கடையில் விற்றிருக்கும், இரண்டுக்கும் பை ஒன்றாக இருக்கும் என்று மார்த்தா டீச்சர் ஒருமுறை சொன்னார், அது எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. அதைவிட அவர்களுக்கு அந்தக் கையின் பிழைப்பைப் பற்றித்தான் கவலை. தொட்டுவிட்டு வந்த கையை முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். காலையில் சோப்பு வாசம் அடிக்கும். சில நாள் மீன், சில நாள் இயந்திர எண்ணெய். சில நாள் விரல் இடுக்கில் மாவு ஒட்டிக்கொண்டு வரும். ஒருநாள் கட்டைவிரலில் துணிக்கட்டு இருந்தது. அன்றைக்கு ஊரே துடித்துப்போனது. போஜன் தைலக் குப்பியைப் பைக்குள் வைத்தார், கை வாங்கிக்கொண்டது. வேர்க்கடலை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டது. பதிலுக்கு அது ஒருமுறை பெயர் தெரியாத ஒரு கொட்டையைத் தந்தது, ஒருமுறை யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து அச்சிட்ட காகிதத்தில் சுற்றி ஒரு மிட்டாய் தந்தது. அதை மார்த்தா டீச்சர் கத்தியால் துணுக்குத் துணுக்காக நறுக்கி வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். உப்பும் இனிப்புமாக இருந்தது.

ஆண் கையா பெண் கையா என்பதில் மட்டும் ஊர் இரண்டுபட்டது. வளையல் இல்லை, மோதிரம் இல்லை, நகம் ஒட்ட வெட்டியிருந்தது, பிடி இரும்பு. ஆண் என்றார்கள் ஆண்கள். இத்தனை வேலை செய்கிற கை எப்படி ஆண் கையாக இருக்கும் என்று கேட்டார்கள் பெண்கள். கமலவேணியைக் கேட்டால் எனக்கென்ன தெரியும் என்று மைக்கின் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆனால் அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். அந்தக் கைக்காரர் உயரமானவர். அதிகம் பேசாதவர். இயந்திரம் பழுது பார்க்கிறவர், தனக்குத் தானே சமைத்துக்கொள்கிறவர், மீன் என்றால் அவருக்குப் பிடிக்கும். மாலையில் விளக்கேற்றிவிட்டு முற்றத்துப் பலகையில் கோட்டோடு உட்கார்ந்து, பைக்குள் கையை விட்டு, அன்று எந்த பஸ் தாமதம், எந்த கண்டக்டர் எரிந்து விழுந்தான், புண்ணியக் கடையில் என்ன கிடைத்தது என்று சொல்வாள். அந்தக் கை கட்டைவிரலால் அவள் புறங்கையை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே கேட்கும். தேங்காயெண்ணெய் தடவித் தன் கைகளைப் பதமாக்கத் தொடங்கினாள். கோட்டுக்குத் தோதாக ஒரு கருநீல மப்ளரை, வேறொரு பெண் எடுத்துக் கீழே வைக்கும் வரை பொறுத்திருந்து வாங்கினாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் முபாரக்கின் மனைவி நூர்ஜகான், இடுப்பில் குழந்தையோடு பைக்குள் கையை விட்டவள், பாருங்கக்கா, கட்டைவிரலால எப்படித் தடவிக் கொடுக்குது என்று சிரித்தாள். போஜனும் ஆமாம் எனக்கும்தான் என்றார். கமலவேணி கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்தவர்களிடம், கைக்கு ஓய்வு வேண்டும், இனி யாரும் வர வேண்டாம் என்று சொல்லி வெளிக்கதவைச் சாத்தினாள். ஊருக்கு வருத்தம்தான். ஆனாலும் கோட்டு அவள் வாங்கியது, காசு அவள் கொடுத்தது என்று பேசிக்கொண்டு கலைந்துபோனார்கள்.

கதவு சாத்திய கொஞ்ச நாளில் கை வருவது குறைந்தது. பிறகு நின்றேபோனது. பை வெறும் பையாக இருந்தது, ஓரத்தில் அதே நூல் பிசிறு. கமலவேணி அதை யாரிடமும் சொல்லவில்லை. கை எப்படி இருக்கு என்று கேட்டவர்களிடம் நல்லா இருக்கு என்றாள். ஈரோடு பஸ்ஸை சேலம் பஸ் என்று அறிவித்தாள். வியாழக்கிழமைகளில் புண்ணியக் கடைக்குப் போனாலும் குவியலுக்குள் கையை விட மனம் வரவில்லை, மேலாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். தன் மேல் அவருக்கு என்ன கோபம் என்று முற்றத்தில் உட்கார்ந்து யோசித்தாள். கோட்டை மட்டும் கழற்றவில்லை.

பனி விட்டு வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தவள், பழக்க தோஷத்தில் பைக்குள் கையை விட்டாள். கை இருந்தது. அவள் சந்தோஷப்படும் முன்பே அது அவள் விரல்களை எலும்பு நொறுங்குகிற மாதிரிப் பற்றியது. உள்ளங்கை வியர்வையில் குளித்திருந்தது. விட்டது, மூச்சு வாங்குகிற நேரம் துவண்டு கிடந்தது, மறுபடி பற்றியது. அவர் எங்கோ பள்ளத்தில் தொங்குகிறார், சுவர் விழுந்து அடியில் கிடக்கிறார், ஆற்றோடு போகிறார் என்று என்னென்னவோ அவளுக்குத் தோன்றியது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, சாத்தி வைத்திருந்த கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடினாள். மைக்கில் எத்தனையோ ஊர்ப் பெயர்களைச் சொன்ன வாயில் ஒரு பெயரும் வரவில்லை. யாராவது வாங்க என்று மட்டும் கத்தினாள்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நூர்ஜகான் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். அவள் முகம் மாறியது. எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டாள். விட்டு விட்டு வருகிறதா என்று கேட்டாள். கமலவேணி தலையை ஆட்டினாள்.

"அக்கா, இது பிரசவ வலி."

கமலவேணி நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த உயரமான, அதிகம் பேசாத, மீனை விரும்புகிற மனிதர் அந்த நிமிஷத்தில் அவளிடமிருந்து விடைபெற்றுப் போனார், அவரை வழியனுப்பக்கூட அவளுக்கு நேரம் இல்லை. காது மடல் சுட்டது. யாரும் அறியாமல் தன்னைப் பார்த்துத் தானே ஒருமுறை வெட்கப்பட்டு முடித்தாள். பிறகு பைக்குள் கையை விட்டு, வந்து பற்றிய விரல்களை முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாதா கோவிலில் பூசை முடிந்து வந்த பெண்கள் அப்படியே அவள் முற்றத்துக்கு வந்தார்கள். மார்த்தா டீச்சர் வந்தார். குழாயடியில் இருந்தவர்கள் வந்தார்கள். கோட்டை அவள் கழற்றவில்லை, அவளை நடுவில் பலகையில் உட்கார வைத்துச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். வெளியே ஆண்கள் நின்றார்கள். இதுபோன்ற நேரத்தில் வெந்நீர் வைக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்த போஜன் பெரிய அண்டாவில் வெந்நீர் வைத்தார், அதை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் கடைசியில் டீ போட்டு எல்லாருக்கும் கொடுத்தார். பிரசவ வலியில் இருப்பவள் எதற்குக் கோட்டுப் போட்டிருக்கிறாள் என்ற பேச்சு எழுந்தது. வண்டியில் போகும் வழியில் வலி கண்டிருக்கும் என்றான் முபாரக். குளிர் தேசம், யாராவது மேலே போர்த்திவிட்டிருப்பார்கள் என்றார் மார்த்தா டீச்சர். இத்தனை நாள் கை வராததற்குக் காரணமும் அங்கேயே விளங்கியது. நிறைமாதத்தில் எந்தக் கோட்டைப் பொத்தான் போட முடியும் என்று கேட்டாள் ஒருத்தி, பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நூர்ஜகான் சிரிக்கவில்லை. "பக்கத்துல பிடிச்சுக்க ஒரு ஆள் இருந்தா, இவ எதுக்குப் பைக்குள்ள கையை விடறா" என்றாள்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கையை விடக்கூடாது என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பிள்ளை பெற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு பிடித்தார்கள். வலி வரும்போது எப்படி அழுத்திக் கொடுக்க வேண்டும், விடும்போது எப்படித் தடவிக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுடைய கைகளுக்குத் தெரிந்திருந்தது. எங்கே இருக்கிறாள், என்ன பாஷை பேசுகிறாள் என்று தெரியாதவளிடம், ஆச்சு கண்ணு, இன்னும் கொஞ்சம்தான் என்று கோட்டைப் பார்த்துச் சொன்னார்கள். வெயில் முற்றத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போனது. பிடித்தவர்கள் விரல்கள் சிவந்து வீங்கின.

ஆனால் ஒவ்வொரு கை மாறும்போதும் அந்தக் கை புதுக் கையை விரல் விரலாகத் தடவிப் பார்ப்பதையும், பார்த்துவிட்டுக் கொஞ்சம் தளர்வதையும் பைத்துணியின் அசைவில் மார்த்தா டீச்சர் கவனித்தார். கமலவேணியை மறுபடி பிடிக்கச் சொன்னார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க டீச்சர். நான் பெத்தவ இல்ல."

"தெரிஞ்சவங்க எல்லாம் பிடிச்சுப் பார்த்தாச்சு. அவ உன்னைத்தான் தேடறா. பிடி."

கமலவேணி பிடித்தாள். என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னாள். மேட்டுப்பாளையம் வழியாகக் கோயமுத்தூர் செல்லும் பேருந்து என்று, மைக்கில் சொல்கிற அதே நிதானமான குரலில், ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள். மாலைகளில் முற்றத்தில் அவள் கதை சொல்லும்போது அவள் விரல்கள் எப்படி அசையுமோ அப்படி அசைந்தன, அந்தக் கை அதைக் கேட்டது. ஒரு நிறுத்தத்தில் அது இதுவரை பற்றாத பலத்தோடு பற்றியது. கமலவேணி பல்லைக் கடித்துக்கொண்டாள், ஊர்ப் பெயரை நிறுத்தவில்லை.

பிறகு கை விட்டது. சில்லென்று ஆனது. ஒவ்வொரு விரலாக அவள் பிடியிலிருந்து நழுவியது. பை காலியாக இருந்தது.

அவள் முகத்தைப் பார்த்தே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மார்த்தா டீச்சர் ஜெபமாலையை எடுத்தார். நூர்ஜகான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கைகளை ஏந்தினாள். படுக மொழியில் போஜன் யாரையோ வேண்டிக்கொண்டார். டீ ஆறிப்போனது. அடுப்பைப் பார்க்க வேண்டிய ஒருத்தி எழுந்தாள், வாசல் வரை போய், போக மனம் வராமல் அங்கேயே நின்றாள். கமலவேணி காலிப் பைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. உள்துணியில் அந்தச் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அது ஆறுவதை அவள் விரல்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

வெகுநேரம் கழித்துப் பைக்குள் ஏதோ அசைந்தது. முதலில் அந்தப் பழைய கை, அகன்ற உள்ளங்கை, களைத்துப்போய், பதற்றமில்லாமல் வந்தது. அது கமலவேணியின் ஆள்காட்டி விரலைத் தேடி எடுத்து நிமிர்த்தி வைத்தது. பிறகு எதையோ மிகவும் பத்திரமாகக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தது. ஈரம் உலராத, சுருக்கம் விழுந்த, ஒரு புளியங்கொட்டை அளவே உள்ளங்கை கொண்ட ஒன்று அவள் விரலைச் சுற்றி மூடிக்கொண்டது.

கமலவேணி சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவர்களுக்குப் புரிந்துபோனது. முற்றத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டு வெளியே நின்றிருந்த முபாரக் ஆட்டோ ஹாரனை அமுக்கினான், ஸ்டாண்டிலிருந்த மற்ற ஆட்டோக்கள் எதற்கென்று தெரியாமலே பதில் கொடுத்தன. நாங்களும் தொட்டுப் பார்க்கிறோம் என்று ஆளாளுக்குக் கை கழுவ ஓடினார்கள். கமலவேணி அவர்களுக்கு வழி விடத்தான் பார்த்தாள். விரலை மெல்ல இழுத்தாள். பிடி விடவில்லை.

"டீச்சர், இதை எப்படி எடுக்கறது?"

"நாமா எடுக்கக் கூடாது" என்றார் மார்த்தா டீச்சர். "தூங்கினா அதுவா விடும்."

கமலவேணி பலகையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கழுவிய கைகளைத் துடைக்காமல், நீர் சொட்டச் சொட்ட, ஊர் அவளைச் சுற்றி வரிசையில் நின்றது. குழந்தை தூங்குகிற வழியாக இல்லை.